அவிநாசியிலிருந்து கோத்தகிரிக்கு: தனியே மிதிப்பதன் கணக்கு

ஐப்பசியில் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகள் சில நாட்களுக்குக் கதவடைக்கின்றன. ஆண்டு முழுக்க ஒன்றரை ஷிப்டு பார்த்தவர்களுக்குத் தொடர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது பெரும்பாலும் அப்போதுதான். வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்துச் சொந்த ஊருக்குப் போக, உள்ளூர்க்காரர்களில் பலர் அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரிக்குக் காரிலும் பைக்கிலும் கிளம்புகிறார்கள். அந்த வண்டிகளுக்கு நடுவே, சைக்கிளில் ஒற்றையாக மலையேறுகிற சிலரையும் இப்போது பார்க்க முடிகிறது. இவர்களுக்கு அசுர பலம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விவரம் தெரியாத துணிச்சலாக இருக்க வேண்டும் என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். இரண்டும் சரியில்லை என்பது என் வாதம். அவிநாசியிலிருந்து கோத்தகிரி ஏறுவது நல்ல உடல்நலமுள்ள எந்தத் தொழிலாளிக்கும் எட்டக்கூடிய காரியம். அதைத் தனியாகச் செய்வதும், மழைக்காலத்தை ஒட்டிய குளிர்ந்த நாட்களில் செய்வதும் வெறும் ரசனை சார்ந்த விஷயமல்ல. மலைச்சரிவின் கணக்கே அப்படித்தான் செய்யச் சொல்கிறது.

முதலில் பாதையைப் பார்ப்போம். அவிநாசியிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் சுமார் 43 கிலோமீட்டர். சொல்லும்படியான ஏற்றம் இல்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்குச் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 33 கிலோமீட்டரில் கோத்தகிரி, சுமார் 1,800 மீட்டர் உயரத்தில். அதாவது நூறு மீட்டர் போனால் சராசரியாக நாலரை மீட்டர் ஏறுகிறோம். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் செங்குத்தாகத் தெரிகிற மலைக்கு இது வியப்பூட்டும் அளவுக்கு மிதமான சாய்வு. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் வந்து சேர்ந்தார். அவர் முயற்சியால் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு 1820களின் தொடக்கத்தில் முதல் மலைப்பாதை வெட்டப்பட்டது. பின்னர் அந்த நூற்றாண்டிலேயே குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அகலமான சாலைகள் போட்டபோது பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஏறும் அளவுக்குச் சாய்வைக் குறைக்க வேண்டியிருந்தது. மாட்டுக்காக வளைத்து வளைத்து நீட்டிய பாதை இன்று சைக்கிள்காரருக்குப் பயன்படுகிறது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் கல்லட்டிப் பாதை இதற்கு நேர்மாறு. முதல் முயற்சிக்கு அது உகந்ததல்ல.

இனி மனிதர் செலுத்த வேண்டிய சக்தி. ஆளும் சைக்கிளும் சிறு பையும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வேகமாக நடப்பவரைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில், இந்தச் சாய்வில் ஏற ஏறத்தாழ 100 வாட் சக்தி போதும். முன்பெல்லாம் வீடுகளில் எரிந்த குண்டு பல்பு ஒன்றுக்கு வேண்டிய சக்தி அவ்வளவுதான். ஓரளவு பழக்கமுள்ள உடல் அதை மணிக்கணக்கில் தர முடியும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். சிக்கல் காலில் இல்லை, பல் சக்கரத்தில் இருக்கிறது. சாதாரண கியரில்லாத சைக்கிளில் பெடலோடு சுற்றும் பல் சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்தில் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகர்கிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் 19 கிலோமீட்டர் ஆகிவிடும். அந்த வேகத்தில் இதே ஏற்றத்துக்கு 200 வாட்டுக்கு மேல் வேண்டும். அதனால்தான் அந்த வண்டியில் ஏறுபவர் எழுந்து நின்று மிதித்து, பத்தே நிமிடத்தில் மூச்சிரைத்து இறங்கித் தள்ளுகிறார். அவருக்குப் பலம் குறைவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவரது வண்டிக்கு மெதுவாகப் போகத் தெரியவில்லை, அவ்வளவுதான். முன்னால் 34 பல், பின்னால் 34 அல்லது 36 பல் உள்ள கியர் இருந்தால், ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் என்று உட்கார்ந்தபடியே ஏறலாம். விலையுயர்ந்த கார்பன் சைக்கிள் இரண்டு மூன்று கிலோ எடையைக் குறைக்கும். மொத்தம் 80 கிலோவில் அது சிறு பங்கு. பின்சக்கரத்துப் பல் எண்ணிக்கையை மாற்றுவது அதைவிடப் பல மடங்கு பயன் தரும், செலவும் குறைவு.

தனியாக ஏன் என்ற கேள்விக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. சமதளத்தில் சைக்கிள் ஓட்டுபவரின் முதல் எதிரி காற்று. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்க மட்டும் 100 வாட்டுக்கு மேல் செலவாகும். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் அதில் கணிசமான பங்கு மிச்சம். சமதளத்தில் கூட்டமாக ஓட்டுவதன் பெரிய ஆதாயம் இதுதான். ஆனால் காற்றின் தடைக்கு ஈடாகச் செலவிடும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. மலையில் 8 கிலோமீட்டர் வேகத்தில் அது இரண்டு வாட் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பின்னால் ஒளிந்துகொள்ள அங்கே காற்றே இல்லை. மிச்சமிருக்கும் எதிரி ஒருவருடைய எடை, அதை இன்னொருவர் பகிர்ந்துகொள்ள முடியாது. ஆக, கூட்டமாக ஏறுவதில் ஆதாயம் போய்விடுகிறது. இழப்பு மட்டும் தங்குகிறது. பலமுள்ளவரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முயன்று பலவீனமானவர் முதல் பத்துக் கிலோமீட்டரிலேயே தீர்ந்துபோகிறார். அவருக்காகக் காத்து நின்று பலமுள்ளவர் வியர்வை ஆறிக் குளிர்ந்துபோகிறார். 2008 முதல் நடந்துவரும் ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ சைக்கிள் பயணத்தில் ஏராளமானவர்கள் சேர்ந்து கிளம்பினாலும், கல்லட்டி ஏற்றம் வந்ததும் அந்தக் கூட்டம் தனித்தனி ஆட்களாகச் சிதறிவிடுகிறது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலும் பெருங்கூட்டம் உடைவது மலையில்தான்.

பருவத்துக்கு வருவோம். நூறு வாட் வேலை செய்யும் உடல் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தையும் உண்டாக்குகிறது. சமதளத்தில் எதிரே வீசும் காற்று அந்த வெப்பத்தை வாரிக்கொண்டு போகும். மலையில் வேகமில்லை, ஆகையால் காற்றும் இல்லை. சித்திரையிலோ வைகாசியிலோ மேட்டுப்பாளையத்து வெயிலில் ஏறத் தொடங்குபவர் தோற்பது சாய்விடம் அல்ல, தன் உடம்புச் சூட்டிடம். ஆனி ஆடியிலோ பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வெறித்தனமாக வீசும். அவிநாசியிலிருந்து மேற்கே மிதிப்பவர் மலையடிவாரம் சேர்வதற்குள்ளேயே பாதி பலத்தை அதற்குக் கொடுத்துவிடுவார். புரட்டாசிக்குப் பின் அந்தக் காற்று அடங்குகிறது, வெயிலும் தணிகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குளிர்ச்சி கூடுவதால், அடிவாரத்தைவிடக் கோத்தகிரியில் ஒன்பது பத்து டிகிரி குறைவாக இருக்கும். தொல்காப்பியம் மலைநிலமான குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதாக ஐப்பசி கார்த்திகையான கூதிரைத்தான் முதலில் வைக்கிறது. காதலுக்காக வகுத்த இலக்கணம்தான், ஆனாலும் மலையை நன்றாகப் பார்த்தவர்கள் வகுத்தது.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் எழுகிறது. நீலகிரியின் கிழக்குச் சரிவான கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை வருவதும் அதே ஐப்பசி கார்த்திகையில்தானே? ஆமாம், இதை மழுப்பவே கூடாது. 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையே மண்ணோடு சரிந்தது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த நாட்களின் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆகவே ‘குளிர்காலம் நல்லது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது ஆபத்து. ஆனால் வடகிழக்குப் பருவமழை இரண்டு மாதமும் ஓயாமல் பெய்வதில்லை. காற்றழுத்தத் தாழ்வு ஒன்று வரும்போது கொட்டும், பிறகு பல நாள் வெளுக்கும். கவனிக்க வேண்டியது, மழை நின்ற அன்றே பாதை பாதுகாப்பாகிவிடாது. மண் ஊறிக் கனத்து, நீர் உள்ளே தேங்கி, வெயில் அடிக்கும்போதுகூடச் சரியும். தீபாவளி விடுமுறையில் மழை விழுந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. லீவு வீணாகிறதே என்று கிளம்புவது தவறு. புரட்டாசியின் பிற்பகுதியும், மழை ஓய்ந்து மண் காயத் தொடங்கும் கார்த்திகைக் கடைசி, மார்கழி நாட்களும் தீபாவளி விடுமுறையைவிடச் சிறந்தவை. மேலே சொன்ன நீலகிரிச் சுற்றுப்பயணத்தையும் பெரும்பாலும் டிசம்பரில்தான் நடத்தியிருக்கிறார்கள்.

ஒற்றையாகப் போனால் விழுந்தால் தூக்க ஆளில்லையே, யானை வந்தால் என்ன செய்வது என்பது அடுத்த கவலை. கோத்தகிரிச் சாலை ஆளற்ற காடு அல்ல. குஞ்சப்பனை, அரவேனு என ஊர்கள் வருகின்றன, பகல் முழுக்க பஸ்ஸும் காய்கறி லாரியும் ஓடுகின்றன. யானை உண்டு, கோத்தகிரிப் பக்கம் கரடியும் காட்டெருமையும் உண்டு. அவை பெரும்பாலும் சாலையைக் கடப்பது அந்தியிலும் விடியலிலும். எனவே நன்றாக விடிந்த பிறகே மேட்டுப்பாளையத்தைத் தாண்ட வேண்டும், நண்பகலோடு ஏற்றத்தை முடிக்க வேண்டும். அவிநாசியில் இருட்டோடு கிளம்பினாலே இது நடக்கும். கோத்தகிரியில் ஓர் இரவு தங்கினால் அவசரமும் இல்லை. பின்னால் உதவி வண்டி வராமல், பஞ்சரைத் தானே ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்பதைத்தான் பிரான்ஸின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வழிவந்த நெடுந்தூர சைக்கிள் பயணங்கள் விதியாகவே வைத்திருக்கின்றன. கோவையிலிருந்தும் அவை நடக்கின்றன. அவற்றில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் அவகாசம். அவிநாசியிலிருந்து கோத்தகிரி, ஊட்டி, குன்னூர் சுற்றித் திரும்பினாலும் தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான் வருகிறது. பெண்கள் தனியே போவது பற்றிய தயக்கம் வேறு வகையானது. அதைப் பல் சக்கரம் தீர்க்காது. ஆனாலும் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் ஊரார் ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் கற்றார்கள். பார்த்துப் பழகிய பிறகு அந்தச் சாலைகளில் அது சாதாரணமாயிற்று.

உண்மையான ஆபத்து ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. இதற்குத்தான் மக்கள் மிகக் குறைவாக பயப்படுகிறார்கள். ஏறும்போது சேர்த்த ஆற்றலில் காற்றும் சாலையும் தின்றதுபோக மிச்சத்தையெல்லாம் இறங்கும்போது பிரேக் கட்டைதான் வெப்பமாக மாற்றியாக வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், காய்ந்த சாலையிலேயே, ஆபத்தைப் பார்த்து வண்டியை நிறுத்த 25 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அதில் பாதி. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பிடிமானம் பெரிதும் குறைந்துவிடும் என்பதால், பழைய வகை வண்டியில் ஈரச் சாலையில் இறங்கவே கூடாது. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, வளைவில் விட்டு, நடுநடுவே நின்று ரிம்மை ஆறவிட வேண்டும். பனியன் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயமும் ஒன்று உண்டு. நம் ஊர்ப் பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சமவெளி வெயிலுக்கு அதுவே சுகம். மலை உச்சியில் நனைந்த பருத்தியோடு காற்றை எதிர்த்து இறங்கினால் உடல் நடுங்கும், விரல் விறைக்கும், பிரேக் பிடிக்கிற கையே ஒத்துழைக்காது. பாலியெஸ்டர் இழை தன் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஈரத்தையே உள்வாங்குகிறது. அந்தத் துணியும் இப்போது திருப்பூரிலேயே பின்னப்படுகிறது. மாற்றிக்கொள்ள ஓர் உலர்ந்த மேலாடையும் காற்றுத்தடுப்புச் சட்டையும் பையில் இருந்தே ஆக வேண்டும்.

இது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்பது கடைசி ஆட்சேபம். இன்று பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குக் காரணம் மலையல்ல. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு இலவச சைக்கிள் தருகிற மாநிலம் இது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த கால்கள் இங்கே ஏராளம். அவர்களைத் தடுப்பது கியர் பற்றிய அறியாமையும், சைக்கிளுக்கு இடம் ஒதுக்காத சாலையும்தான். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் சாதாரண நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பே வந்தது. மோட்டார் வண்டிகளை மலை இனித் தாங்காது என்று நீதிமன்றமே சொல்லும் நேரத்தில், புகையில்லாமல், இரண்டடி அகலத்தில் ஏறுகிறவருக்குச் சாலையோரத்தில் இடம் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. நெடுஞ்சாலைத் துறை மேட்டுப்பாளையம் கோத்தகிரிச் சாலையில் ஏறும் பக்கம் மட்டுமாவது உடையாத தார் ஓரத்தை விட வேண்டும். மாவட்ட நிர்வாகம் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் அன்றைய மழை எச்சரிக்கையைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். கிளம்ப நினைப்பவர்கள் முதலில் பக்கத்துச் சைக்கிள் கடையில் பின்பக்கப் பெரிய பல் சக்கரத்தைப் பற்றிக் கேளுங்கள், பிரேக் கட்டைகளைப் புதிதாக்குங்கள். எந்த வழி, எத்தனை மணிக்குள் சேருவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். நீலகிரிக்கு வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்திருந்தால் அன்று அன்னூரைத் தாண்டாதீர்கள்.