மண்டோர் ஏன் சத்தம் போடுகிறார்? தைராய்டு பரிசோதனைத் தாளைப் படிப்போம்

நீங்கள் மலாக்காவில் அரசாங்க மருத்துவமனையில் பிறந்தவரா? அப்படியானால் உங்கள் முதல் இரத்தப் பரிசோதனைக்கு ஊசியே தேவைப்பட்டிருக்காது. தொப்புள் கொடியை வெட்டியதும் அதிலிருந்த இரத்தத்தைக் குப்பியில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அதில் ஜி6பிடி குறைபாடு உண்டா என்று பார்ப்பார்கள், டி.எஸ்.எச். அளவையும் பார்ப்பார்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ கிளினிக்கிலிருந்து கொண்டு வரும் தைராய்டு பரிசோதனைத் தாளில் இருப்பதும் இதே டி.எஸ்.எச். தான்.

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கிறது. உணவில் வரும் அயோடினைக் கொண்டு தைராக்சின் என்ற ஹார்மோனைச் செய்கிறது. ஒரு மூலக்கூறில் 4 அயோடின் அணுக்கள் இருப்பதால் அதன் சுருக்கப் பெயர் டி4. உடல் எவ்வளவு வேகமாக இயங்க வேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உடல் எடை கூடுதல். வகுப்பில் தூங்கும் எல்லாருக்கும் தைராய்டுதான் காரணம் என்று சொல்லி ஆசிரியரிடம் தப்பிக்க வேண்டாம்!

இப்போது பலரும் குழம்பும் இடத்துக்கு வருவோம். டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை அது. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு எடுத்த கதையைப் பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள். வேலை சரியாக நடந்தால் மண்டோர் அமைதியாக இருப்பார். ஆள் சுணங்கினால் சத்தம் கூடும். பிட்யூட்டரிதான் அந்த மண்டோர், தைராய்டு வேலையாள். டி.எஸ்.எச். என்பது சத்தத்தின் அளவு, வேலையின் அளவு அல்ல. ஆகவே டி.எஸ்.எச். உயர்ந்தால் தைராய்டு பெரும்பாலும் மந்தமாக இருக்கிறது என்று பொருள். "தைராய்டு கூடிவிட்டது" என்று நினைத்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். உயிரியல் பாடத்தில் 'சுவாப் பாலிக் நெகாடிஃப்' என்று நீங்கள் மனப்பாடம் செய்யும் எதிர்மறைப் பின்னூட்டம் இதுதான்.

பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். பொதுவாக லிட்டருக்கு 0.4 முதல் 4 மில்லி யூனிட் வரை இருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் எல்லை சற்று மாறும் என்பதால் தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையையே பாருங்கள். டி.எஸ்.எச். உயர்ந்து டி4 குறைந்திருந்தால் சுரப்புக் குறைவு. டி.எஸ்.எச். தாழ்ந்து டி4 உயர்ந்திருந்தால் மிகைச் சுரப்பு. டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்து டி4 சரியாக இருந்தால்? வேலையாள் தடுமாறத் தொடங்கிவிட்டார். சத்தத்தால் வேலை இன்னும் ஓடுகிறது. மருத்துவர் சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிப்பார். டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். சுமார் 100 மடங்கு உயரக்கூடும். அதனால்தான் முதலில் டி.எஸ்.எச். பார்க்கிறார்கள். அரிதாக மண்டோருக்கே நோய் வரும். பிட்யூட்டரி பழுதானால் டி4 குறைந்தும் டி.எஸ்.எச். உயராது. ஒரே எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இவ்வளவு நுண்ணிய அளவை எப்படி அளக்கிறார்கள்? எதிர்ப்பொருள் ஒன்று குறிப்பிட்ட ஹார்மோனை மட்டும் பிடித்துக்கொள்ளும் தன்மையைப் பயன்படுத்தி 1950களின் இறுதியில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் வழி கண்டார்கள். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972இலேயே காலமாகிவிட்டார். அன்று கதிரியக்கத்தை வைத்து அளந்தார்கள், இன்று பெரும்பாலும் ஒளியை வைத்து அளக்கிறார்கள். சில கருவிகளில் பயோட்டின் என்ற வைட்டமின் குறுக்கே புகுந்து பொய்யான எண்ணைத் தரும். முடி வளர, நகம் வளர என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் நிறைய இருக்கும். அக்கா அதைச் சாப்பிடுகிறார் என்றால் இரத்தம் எடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

மீண்டும் குழந்தைக்கு வருவோம். உலக அளவில் ஏறத்தாழ 2,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்று தைராய்டு சரியாக இயங்காமல் பிறக்கிறது. பார்த்தால் தெரியாது. தாயின் தைராக்சின் கொஞ்சம் வயிற்றிலேயே வந்து சேர்ந்திருப்பதால் குழந்தை நன்றாகவே இருக்கும், பால் குடிக்கும், தூங்கும். ஆனால் முதல் மாதங்களில் மூளை வளரத் தைராக்சின் கட்டாயம் வேண்டும். தாமதித்தால் ஏற்படும் அறிவு வளர்ச்சிக் குறையைப் பிறகு முழுமையாகச் சரிசெய்ய முடியாது. முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிக்கிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பிள்ளை பெற்றதும் அம்மா தாய்வீட்டுக்குப் போய்விடுகிறார். மருத்துவமனையில் கொடுத்த தொலைபேசி எண் அப்பாவுடையது, அவர் வேலையில் இருக்கிறார். "குழந்தை நல்லாத்தானே இருக்கு, முப்பது கழியட்டும்" என்று பாட்டி சொல்லிவிடுகிறார். அந்த வீட்டில் அறிவியல் படிக்கிறவர் நீங்கள்தான். மறுபரிசோதனைக்கு அழைத்தால் அன்றோ மறுநாளோ போகச் சொல்லுங்கள்.

கடினமான பிரசவத்தாலும் கொடி இரத்தத்தில் டி.எஸ்.எச். உயரலாம். எனவே அழைக்கப்படும் குழந்தைகள் பலருக்கு மறுபரிசோதனையில் குறை எதுவும் இருக்காது. குறை உள்ள குழந்தைக்குத் தைராக்சின் மாத்திரையைப் பொடித்து, சிறிது தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து, தினமும் ஒரு வேளை கொடுப்பார்கள்.