பரணில் உறங்கும் ஸக்ர்



உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை ஏறிப் பாருங்கள். சபராளியாக வாழ்ந்த வாப்பாவோ பாட்டனாரோ 1980-களில் குவைத்திலிருந்தோ ஜித்தாவிலிருந்தோ கொண்டுவந்த அட்டைப்பெட்டி ஒன்று அங்கே இருக்கக்கூடும். அரபி எழுத்தும் ஆங்கில எழுத்தும் அருகருகே பொறித்த விசைப்பலகையுடன், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து இயக்கும் கணிப்பொறி ஒன்று அதனுள் இருந்தால், அது பெரும்பாலும் 'ஸக்ர்' ஆகத்தான் இருக்கும்.

ஸக்ர் என்ற அரபிச் சொல்லுக்குப் பாறை என்று பொருள். குவைத்தைச் சேர்ந்த முஹம்மது அஷ்ஷாரிக் என்பவர் 1982-இல் தோற்றுவித்த நிறுவனத்தின் பெயர் அது. 1983-இல் ஜப்பானில் அறிவிக்கப்பட்ட எம்.எஸ்.எக்ஸ். என்னும் பொதுத் தர முறையைத் தழுவி, யமஹா போன்ற நிறுவனங்கள் செய்த பொறிகளில் அரபி மொழியைக் குடியேற்றினார் அவர். அருள்மறை குர்ஆனைத் திரையில் தேடி ஓதும் மென்பொருளையும் அந்நிறுவனம் வெளியிட்டது. இப்பணிகளுக்காக 2021-ஆம் ஆண்டு மன்னர் ஃபைசல் விருது பெற்ற அவர், 2024-இல் இறையடி சேர்ந்தார்.

அப்படிப்பட்ட ஒரு பொறியை, "வேலை செய்யவில்லை" என்ற ஒரு சொல்லோடு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதைவிட முக்கியமாக, ஆர்வ மிகுதியால் உடனே மின்சாரத்தில் சொருகியும் விடாதீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் பழுதின்றிக் கிடந்த பொறி, ஒரு நிமிட அவசரத்தில் கருகிப்போகலாம்.

முதலில் கண்களால் சோதியுங்கள்

பொறியின் பின்புறமோ அடிப்புறமோ ஒட்டியுள்ள தகட்டைப் படியுங்கள். குவைத்தில் வீட்டு மின்சாரம் 240 வோல்ட். நம் நாட்டுக்கு அது ஏறத்தாழப் பொருந்தும். ஆனால் சவூதியின் பல பகுதிகளில் அந்நாளில் 127 வோல்ட்டே வழங்கப்பட்டது. தகட்டில் 110 அல்லது 127 என்றிருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் 'ஸ்டெப் டவுன்' டிரான்ஸ்ஃபார்மர் இன்றி நம் 230 வோல்ட்டில் சொருகுவது அந்தப் பொறியை நாமே கொல்வதாகும்.

அடுத்து, மின்தொடர்பு ஏதுமில்லாத நிலையில் மூடியைக் கழற்றுங்கள். கழற்றிய திருகாணிகளைக் கிண்ணத்தில் வரிசையாக இடுங்கள். உள்ளே கரப்பான், பல்லி, எலி ஆகியவற்றின் எச்சம் உண்டா? கண்டென்சர்களின் தலை உப்பியிருக்கிறதா? மீன் வாடை போன்ற ஒரு நாற்றம் வந்தால், அவற்றுள் இருக்கும் திரவம் கசிந்திருக்கிறது என்பது பெரும்பாலும் உறுதி. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் இணைப்பு முனைகளில் பச்சை நிறக் களிம்பு படிந்திருக்கும். அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த மென்மையான தூரிகையால் துடைக்கலாம். இது மின்னணுக் கடைகளில் கிடைக்கும் துப்புரவுத் திரவம், குடித்தால் நஞ்சு. தீயையும் குழந்தைகளையும் அதற்கு அருகே விடாதீர்கள். முழுமையாக உலர்ந்த பின்பே அடுத்த வேலை.

மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்

நம்மூர் ரேடியோ மெக்கானிக்குகளிடம் 'சீரிஸ் லாம்ப்' என்றொரு பழைய உத்தி உண்டு. மின்சாரம் ஒரு 60 வாட் இழை பல்பின் வழியாகவே பொறிக்குச் செல்லும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், பொறி தப்பிவிடும். ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் மேலே செல்லலாம். மின்சாரப் பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தாமே செய்ய முற்பட வேண்டாம். அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். உயிர் என்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

பிறகு மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். இப்பொறிக்குத் தேவை மூன்று அழுத்தங்கள்: +5, +12, -12 வோல்ட். இவற்றுள் 5 வோல்ட்டே உயிர்நாடி. 'இஸட்80' என்னும் நாற்பது கால் ஐ.சி.தான் இதன் மூளை. அதன் 11-ஆம் காலுக்கும் 29-ஆம் காலுக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும். குறைந்தால் பொறி தடுமாறும். கூடினால் நல்ல ஐ.சி.க்களும் வெந்துபோகும், உடனே அணைத்துவிடுங்கள். பழைய பொறிகளில் மூளையைக் காட்டிலும் வயிறே அதிகம் கெடுகிறது; அதாவது மின்வழங்கிப் பகுதி.

படம் இல்லையென்றால் உயிர் இல்லையா?

அழுத்தங்கள் சரியாக உள்ளன. ஆனால் திரை இருண்டு கிடக்கிறது. பலரும் இந்த இடத்தில்தான் "மூளை போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சற்றுப் பொறுங்கள்.

விசைப்பலகையில் 'கேப்ஸ்' விசையை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறதா? எரிந்தால், அல்ஹம்துலில்லாஹ், பொறி உயிரோடிருக்கிறது! காரணத்தைக் கேளுங்கள். அந்த விளக்கு விசையோடு நேரடியாக இணைக்கப்பட்டதன்று. படத்தை உருவாக்கும் ஐ.சி. வினாடிக்கு ஐம்பது அல்லது அறுபது முறை மூளைக்குச் சைகை தருகிறது. அச்சைகையின் பேரிலேயே மூளை விசைகளைப் பார்வையிட்டு, அதன்பின் விளக்கை ஏற்றுகிறது. எனவே ஒரு சிறு விளக்கு எரிந்தால், மூளையும் நிரந்தர நினைவகமும் இயங்குகின்றன, படத்து ஐ.சி.யும் சைகை தருகிறது என்று பொருள். பழுது இணைப்புக் கம்பியிலோ, படத்தை வெளியே அனுப்பும் பகுதியிலோ, தொலைக்காட்சிப் பெட்டியிலோ இருக்கலாம். ஆன்டெனா வழியை விட்டுவிட்டு, வீடியோ, ஆடியோ முனைகள் வழியாக இணைத்துப் பாருங்கள். பல வீடுகளில் பொறி நலமாகவே இருந்து, புதிய தொலைக்காட்சிப் பெட்டிதான் பழைய அலைவரிசையைப் பிடிக்காமல் இருக்கும்.

படம் வந்துவிட்டால், பேசிக் மொழித் திரையில் தோன்றும் எண்ணைக் கவனியுங்கள். 32 கிலோபைட் அல்லது அதற்கு மேல் நினைவகம் உள்ள முதல் தலைமுறை எம்.எஸ்.எக்ஸ். பொறிகளில், வட்டுக் கருவி இணைக்காதபோது 28815 பைட்டுகள் என்று காட்டுவது வழக்கம். எண் வெகுவாகக் குறைந்தால் நினைவக ஐ.சி. ஒன்றின்மீது ஐயம் கொள்ளலாம்.

விளக்கு எரியவில்லையெனில், ஐ.சி.க்களை விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். மின்வழங்கிப் பகுதியின் பக்கம் விரலைக் கொண்டுசெல்லாதீர்கள். ஒரே இனத்தவற்றுள் ஒன்று மட்டும் சுட்டால், அதையே முதலில் சோதிக்க வேண்டும். சாக்கெட்டில் அமர்ந்தவற்றைப் பொறியை அணைத்தபின் அழுத்தி உட்காரச் செய்யுங்கள். களிம்பால் தொடர்பு விட்டிருக்கக்கூடும். அதன்பின் கடிகாரத் துடிப்பும் 'ரீசெட்' சைகையும் மூளையை எட்டுகின்றனவா என்று ஆசிலோஸ்கோப் உள்ளவரிடம் காட்டலாம்.

சந்தேகமும் சான்றும்

ஆதாரமின்றி ஒருவர்மீது குற்றம் சுமத்துவதை மார்க்கம் வன்மையாகத் தடுக்கிறது. பழுது பார்ப்பவருக்கும் அதே ஒழுக்கம் வேண்டும். "இதுவாகத்தான் இருக்கும்" என்று எண்ணி நல்ல ஐ.சி. ஒன்றைப் பெயர்த்தெடுக்கும்போது, அதன் கீழுள்ள மெல்லிய செப்புத் தடங்களும் கிழிந்துபோகின்றன. அப்போது ஒரு பழுது இரண்டாகிறது. 1976-இல் பிறந்த இஸட்80-இன் நாற்பது கால் வடிவத்துக்கு, 2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதியோடு புதிய ஆர்டர்கள் ஏற்பதை அதன் நிறுவனமே நிறுத்திவிட்டது. உள்ளதைக் காப்பதே அறிவுடைமை. எதையேனும் மாற்றியே ஆக வேண்டுமெனில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஏட்டில் குறித்து வையுங்கள்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் சில பொறிகள் எழுந்திருப்பதில்லை. அப்போது அதை விற்க எண்ணினால், பழுதை மறைக்காமல் சொல்லி விற்றுவிடுங்கள். குறையை மறைத்துப் பெறும் காசில் பரக்கத் இராது. பிறர் பொறியைப் பழுது பார்ப்பவராயின், எதை மாற்றினீர்கள், எதை மாற்றவில்லை என்பதை உடையவரிடம் ஒளிவின்றிக் கூறுங்கள்.

வாப்பா பாலைவன வெயிலில் உழைத்துச் சேர்த்த காசில், "என் பிள்ளைகள் கற்கட்டும்" என்ற நிய்யத்தோடு வாங்கிவந்த பொருள் அது. பிஸ்மில்லாஹ் சொல்லிப் பெட்டியைத் திறங்கள். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். அந்தச் சிறு விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், அவசரப்படாமல் ஆராய்ந்து முடிவெடுக்கும் பழக்கத்தை அவர்கள் அன்று கற்றுக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.