ஒயின் சுவைப்பது எப்படி? புளியும் துவர்ப்பும் பழகிய நாக்குக்கு இது ஏன் அந்நியமில்லை

புளிக்குழம்பின் புளிப்புக்கும் ஒயினின் புளிப்புக்கும் முக்கியக் காரணம் ஒரே பொருள்தான்: டார்டாரிக் அமிலம். பெரும்பாலான பழங்களில் சிட்ரிக் அமிலமோ மாலிக் அமிலமோதான் முன்னே நிற்கும். டார்டாரிக் அமிலம் மிகுந்த பழங்கள் சிலவே. அவற்றில் இரண்டு, திராட்சையும் புளியும்.

ஆனாலும், "ஒயின் டேஸ்டிங்" என்று யாராவது அழைத்தால் நம்மில் பலருக்கு முதலில் வருவது தயக்கம்தான். வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயர்கள், நீளக் காம்பு கண்ணாடிக் கோப்பை, "நமக்கு இதெல்லாம் செட் ஆகாதுப்பா" என்ற எண்ணம். ஈப்போவில் வளர்ந்த, தாத்தா பாட்டி காலத்தில் ரப்பர் தோட்டத்தில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் இதைப் பற்றிப் பேசவே முடியாது.

மலேசியாவில் 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கும் வயது 18-ல் இருந்து 21 ஆகிவிட்டது. எனவே, 21 வயது நிரம்பிய, முஸ்லிம் அல்லாதவர்களுக்கான விளக்கம் இது. குடிக்காதவர்களும் படிக்கலாம். இதில் பாதி, தேநீரை வைத்தே செய்து பார்க்கக்கூடியது.

வீட்டில் ஏன் இந்தப் பேச்சு எழுவதில்லை?

நம் வீடுகளில் பியர், சம்சு, விஸ்கி, ஒயின் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், "தண்ணி". சுவையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. குடிக்கிறானா, இல்லையா? அது ஒன்றுதான் கேள்வி. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

தீபகற்ப மலேசியாவில் ரப்பர் கன்றுகள் முதலில் ஊன்றப்பட்ட இடங்களில் ஒன்று பேராக்கின் கோலகங்சார். ஆண்டு 1877. பின்னர் தோட்டங்கள் பெருகின. சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் என்று மாநிலம் முழுக்கத் தமிழர்கள் லயங்களில் குடியேறினார்கள். லயம், ஆயாக்கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றோடு பல தோட்டங்களில் கள்ளுக்கடையும் இருந்தது. கடைக்கு உரிமம் வாங்கி நடத்தியது பெரும்பாலும் தோட்ட நிர்வாகமே. அதாவது, சம்பளம் கொடுத்த கையே அதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

தொழிலாளர்கள் இதை அறியாமல் இல்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. 1947-ல் கெடாவின் பீடோங் பகுதியில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டது. மதுவிலக்கு இயக்கமாக மட்டும் இவற்றைப் பார்த்தால் பாதிதான் புரியும். எங்கள் கூலி எங்கே போகிறது என்ற கேள்வி அதற்குள் இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது கள்ளுக்கடைகள் குறைந்தன. அந்த இடத்துக்கு மலிவான சம்சு வந்தது. கள்ளைவிடப் பல மடங்கு வீரியமானது அது. அடுப்பு எரியாத நாட்களைச் சமாளித்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். உங்கள் பாட்டி ஒயின் பாட்டிலைப் பார்த்து முகம் சுளித்தால், அது பழமைவாதம் இல்லை. நினைவு.

கள்ளுக்கும் ஒயினுக்கும் என்ன வித்தியாசம்?

அடிப்படையில் இரண்டும் ஒரே வேலைதான். சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது.

தென்னம்பாளையைக் கட்டி, மெல்லத் தட்டி, நுனியைச் சீவிக் கலயம் கட்டினால் சாறு சொட்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் நொதிப்பது தடைபட்டு, இனிப்பான பதநீர் கிடைக்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் 4 முதல் 5 சதவீதம் ஆல்கஹால். மறுநாள் கடும் புளிப்பு. அப்படியே விட்டால் வினிகர். தென்னைக்குப் பேர்போன பாகான் டத்தோவில் காலையில் இறக்கிய கள்ளை அடுத்த வாரம் கோலாலம்பூரில் வைத்து ருசிக்க முடியாது. அன்றைக்கே குடித்துத் தீர்க்க வேண்டிய பானம் அது.

திராட்சைச் சாற்றில் இயற்கையாகவே அமிலம் அதிகம். நொதித்து முடிக்கும்போது ஆல்கஹால் 12 முதல் 14 சதவீதம் வரை போகும். இந்த இரண்டும் சேர்ந்து கிருமிகளைத் தள்ளி வைக்கின்றன. காற்றுப் படாமல் அடைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கெடாமல் நிற்பதால்தான் அதை ஒப்பிடவும், குறித்து வைக்கவும், மெதுவாக யோசிக்கவும் முடிந்தது. சுவைப்பது ஒரு பழக்கமாக வளர்ந்ததற்கு இது முக்கியக் காரணம். ஒயின் கள்ளைவிட உயர்ந்த சாதி என்பதால் அல்ல.

முதலில் தேநீர், பிறகு ஒயின்

சிவப்பு ஒயினைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில் அடிக்கடி வரும் சொல் டேனின். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் பொருள். உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வாயை உலர்த்திவிடும். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி தேவைப்படுகிறது. தமிழில் ஒரு சொல் போதும்: துவர்ப்பு. வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, பழுக்காத கொய்யா எல்லாம் அதே குடும்பம்.

இதைப் பழக எளிய வழி ஒன்று. கேமரன் மலைத் தேயிலையை இரண்டு கோப்பைகளில் போடுங்கள். ஒன்றை ஒரு நிமிடத்தில் வடிகட்டுங்கள், மற்றதை ஐந்து நிமிடம் விடுங்கள். பாலும் சர்க்கரையும் வேண்டாம். இரண்டாவது கோப்பை ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் செய்யும் வேலைதான் டேனின். இப்போது இரண்டாவதில் கொஞ்சம் பால் ஊற்றிப் பாருங்கள். துவர்ப்பு அடங்கும். பால் புரதம் டேனினைப் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு ஒயினை இறைச்சியோடு சேர்ப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணமும் கிட்டத்தட்ட இதுவே.

வாசனைக்கு வருவோம். ஒயின் புத்தகங்களில் பிளாக்கரண்ட், கூஸ்பெர்ரி என்று இருக்கும். ஈப்போப் பிள்ளை எத்தனை பேர் கூஸ்பெர்ரியைக் கையில் தொட்டிருப்பார்கள்? அந்தச் சொற்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். கெவூர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளைத் திராட்சை ஒயினில் லைச்சிப் பழ வாசனை வருவது கற்பனை இல்லை. ரோஸ் ஆக்சைடு என்ற மணப்பொருள் இரண்டிலும் இருக்கிறது. சிரா ஒயினில் மிளகு நெடி அடிக்கும். அதற்குக் காரணமான ரோட்டண்டோன், நம் அஞ்சறைப்பெட்டி மிளகில் இருப்பதேதான். ஓக் பீப்பாயில் வைத்த ஒயினில் லேசாகத் தேங்காய் வாசம் வந்தால், அது மரத்தில் இருந்து வரும் லாக்டோன். நாவற்பழம், பழுத்த கொய்யா, ஊறவைத்த புளி, மழைக்குப் பின் மண் என்று உங்களுக்குத் தெரிந்த பெயரைச் சொன்னால் போதும்.

செய்முறை ரொம்பச் சின்னது. கோப்பையில் 50 மில்லி மட்டும் ஊற்றுங்கள். லேசாகச் சுழற்றி முகருங்கள். ஒரு மடக்கை வாயில் சில நொடி வைத்திருங்கள். புளிப்பு இருந்தால் நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறும், துவர்ப்பு இருந்தால் உலரும், ஆல்கஹால் அதிகமிருந்தால் தொண்டையில் சூடு ஏறும். பிறகு விழுங்கலாம் அல்லது துப்பலாம். தொழில்முறைச் சுவைஞர்கள் துப்பத்தான் செய்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்பார்கள். அது ஐரோப்பிய அறை, அதாவது 16 முதல் 18 டிகிரி. ஈப்போவில் மதியம் 32 டிகிரி அடிக்கும்போது அந்த விதி செல்லாது. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

எவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை?

பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது இதுதான். புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் மது இருக்கிறது. "சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி யாரும் தொடங்க வேண்டாம்.

கணக்கு இப்படி: 13 சதவீத ஒயின் 100 மில்லியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால். 5 சதவீதக் கள் அரை லிட்டரில் சுமார் 20 கிராம். உடலுக்கு இரண்டும் ஒரே ஆல்கஹால்தான். 50 மில்லி வீதம் மூன்று ஒயின்களைச் சுவைத்து விழுங்கினாலும் 15 கிராம் ஆகிவிடும். வாகனம் ஓட்டுபவர்களுக்கான வரம்பும் 2020-ல் 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராமில் இருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது. சுவைக்கப் போகும் நாளில் சாவியை வீட்டில் வைத்துவிடுவது நல்லது.

நாக்கால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றும் உண்டு: மெத்தனால். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த போலி மது பலரைப் பலிகொண்டது. எவ்வளவு தேர்ந்த சுவைஞராலும் அதை ருசியில் பிரித்தறிய முடியாது. விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் தொடாதீர்கள்.

நம் சாப்பாட்டோடு எது சேரும்?

இங்கேதான் விஷயம் சுவாரசியம். மேற்கத்திய விதிகளை அப்படியே எடுத்து வந்தால் நம் இலைச் சோற்றின் முன் அவை தடுமாறும். முதல் காரணம் காரம்.

மிளகாயின் காரம் நாக்கில் உள்ள வெப்பத்தை உணரும் ஏற்பியைத் தூண்டுகிறது. வழக்கமாக 42 டிகிரி வாக்கில் விழிக்கும் அந்த ஏற்பி, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துவிடும் என்று 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் உடல் சூடே 37 டிகிரி. எனவே, 14.5 சதவீத ஒயினோடு சம்பல் சாப்பிட்டால் எரிச்சல் கூடத்தான் செய்யும். கூடவே டேனினும் இருந்தால் வாய் எரிந்து, உலர்ந்து, இரண்டின் ருசியும் தெரியாமல் போகும்.

காரத்துக்கு வேண்டியது குறைந்த ஆல்கஹால், கொஞ்சம் இனிப்பு, நல்ல புளிப்பு. லேசான இனிப்புள்ள ரீஸ்லிங், அல்லது 5 சதவீதமே உள்ள மொஸ்காட்டோ. கோழிப் பெரட்டலுக்கும் நாசி லெமாக்கின் நெத்திலிச் சம்பலுக்கும் இவை பொருந்தும். நாசிக்கில் விளையும் செனின் பிளாங்க் கண்ணில் பட்டால் முயன்று பாருங்கள்.

எண்ணெய்ப் பலகாரங்கள் எளிது. பருப்பு வடை, முறுக்கு, புந்தோங் கச்சாங் பூத்தே எதுவானாலும் இனிப்பில்லாத நுரைக்கும் ஒயின் சரியாக வரும். உப்பு, ஒயினின் கசப்பை அடக்கும், புளிப்பும் நுரையும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும். பக்கோடாவுக்குப் பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு வைப்பதும் இதற்குத்தானே? ஈப்போவின் உப்புக் கோழிக்கும் இனிப்பில்லாத வெள்ளை ஒயின் போதும்.

ஆட்டிறைச்சியை மிளகு தூக்கலாக, மிளகாய் குறைவாகப் பெரட்டினால் சிராவுக்கு வாய்ப்பு உண்டு. மிளகாய் தூக்கலென்றால் துவர்ப்புக் குறைந்த பினோ நுவார், அதுவும் குளிரவைத்து.

கருவாட்டுக் குழம்போடு சிவப்பு ஒயினை மட்டும் வைக்காதீர்கள். ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீன் கவிச்சியைத் தூக்கிக் காட்டுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் கண்டறிந்தார்கள். அதுவே, சிவப்பு ஒயின் அதிகம் பழகாத நம் மூக்குக்கும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

புளிப்பில் ஒரு விதி நினைவில் இருக்கட்டும். சாப்பாடு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். தம்பூன் பொமெலோவைத் தின்றுவிட்டு எந்த ஒயினைக் குடித்தாலும் சர்க்கரைத் தண்ணி மாதிரிதான் இருக்கும். புளிக்குழம்புக்கு அதனால் நல்ல புளிப்புள்ள சாவின்யோன் பிளாங்க் தேவை. டார்டாரிக் அமிலத்துக்கு டார்டாரிக் அமிலமே துணை.

ரசத்துக்கு இணை தேடாதீர்கள். புளி, மிளகு, சூடு மூன்றும் ஒரே கிண்ணத்தில் இருக்கின்றன. எந்த ஒயினும் அதன் முன் நிற்காது. ரசத்தைத் தனியாகக் குடித்துவிட்டு, கோப்பையைப் பிறகு எடுங்கள்.