தூசி குறிக்கும் சர்வீஸ் நாள்

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தால், திருத்தணி–சோளிங்கர் ரோட்டில் நான் ஓட்டிய ஓட்டம் முழுக்க அதில் படிந்திருக்கும். டிப்பர் லாரியிலிருந்து பறந்த ஜல்லிப் பொடியின் சாம்பல் நிறம், டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து இழுத்து வந்த செம்மண், திருவாலங்காடு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிகள் உதிர்த்த சோகைத் தூள் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். கே.ஜி.கண்டிகையில் ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருப்பவன் சர்வீஸ் நாளை மீட்டரைப் பார்த்துக் குறிக்கக் கூடாது. இந்த ஃபில்டரைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

என் வண்டி யமஹா ஆர்15. 2008-ல் இந்தியாவுக்கு வந்த வரிசையில் 2018-ல் வெளியான மூன்றாம் பதிப்பு. 155 சிசி, ஒரே சிலிண்டர், கூலன்ட் ஓடும் எஞ்சின். 10,000 சுற்றில் 19 குதிரைத்திறனைத் தொடுகிறது. சிறிய எஞ்சினை இவ்வளவு வேகமாகச் சுழல வைத்துத்தான் அந்தச் சக்தியை எடுக்கிறார்கள். அதனால் ஊரில் ஓடும் நூறு சிசி வண்டி பொறுத்துக்கொள்ளும் அலட்சியத்தை இது பொறுக்காது. கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு சாதாரண ரோட்டுக்கானது. தூசியும் ஈரமும் மிகுந்த இடத்தில் ஃபில்டரை அடிக்கடி கவனிக்கச் சொல்லி அதே கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி நமக்காகவே எழுதப்பட்டது.

நான் ஏன் சொந்தக் கையால் செய்ய ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒரு கடையில் ஆயில் மாற்றிக்கொண்டு நகரி வரைக்கும் போய்த் திரும்பினேன். பொன்பாடி தாண்டி ஒரு வளைவில் பின்சக்கரம் லேசாக விலகியது. ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தேன். டிரெயின் போல்ட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து, டயரின் ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது. ஸ்பானரில் பைப்பைச் செருகி முழு பலத்தோடு முறுக்கியதில் அலுமினியக் கூட்டின் மரை தேய்ந்து போயிருந்தது. லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, உள்ளே புது மரைச் சுருள் இறக்கித்தான் வண்டியை மீட்டேன். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓடும் பந்தய வண்டிகளில் டிரெயின் போல்ட்டின் தலையில் துளையிட்டுக் கம்பியால் கட்டிவிடுவார்கள். ஒரு சொட்டு எண்ணெய் டயரில் பட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நல்ல நேரம். குளிர்ந்த எஞ்சினில் செய்ய வேண்டியதை முதலில் முடித்துவிட வேண்டும். சூடு கேட்கும் வேலை அப்புறம்.

முதல் வேலை டயர் காற்று. வண்டி இரவெல்லாம் நின்று டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளவு உண்மையைச் சொல்லும். சித்திரை வெயிலில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பங்கில் நிறுத்தி அளந்தால் மூன்று நான்கு பவுண்டு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை டயர் தளர்ந்திருக்கும். பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் அளவுமானி ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு காற்று என்பது கையேட்டிலும் வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தும் ரப்பர் இறுகிப்போன பழைய டயர், மழை பெய்த முதல் நாளில் காலை வாரும்.

அடுத்தது கூலன்ட். டப்பாவில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ரெடிமேட் கூலன்ட் ஊற்றுங்கள். அடர் கூலன்ட்டாக வாங்கியிருந்தால் பாட்டிலில் சொன்ன அளவில் டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். டீ போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் ரேடியேட்டரின் நூல் போன்ற குழாய்களிலும் படியும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பீறிடும்.

ஃபேரிங் கழற்றுவதில்தான் புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவார்கள். போல்ட்டுகள் பார்க்க ஒன்று போலவே இருந்தாலும் நீளம் மாறும். நீளமான போல்ட்டைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் உள்ளே எதையாவது குத்திவிடும். எங்கள் வீட்டில் ஒரு பழைய இட்லித் தட்டு இருக்கிறது. இடது பக்கத்துப் போல்ட்டுகள் ஒரு குழியில், வலது பக்கத்தது இன்னொன்றில், பிளாஸ்டிக் கிளிப்புகள் மூன்றாவதில் என்று போட்டு வைப்பேன். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம். கிளிப்பின் நடுக்குமிழை அழுத்திவிட்டுப் பிறகு இழுக்க வேண்டும், நெம்பினால் காது உடையும்.

ஃபேரிங் இறங்கியதும் ரேடியேட்டரின் முகம் தெரியும். சோகைத் தூளும் செத்த பூச்சியும் சேர்ந்து பாதித் துடுப்புகள் அடைத்துக் கிடக்கும். வெயில் காலத்தில் சிக்னலில் நின்றாலே ஃபேன் ஓயாமல் சுற்றுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். வாட்டர் சர்வீஸ் பிரஷரை நேராகக் காட்டினால் மெல்லிய துடுப்புகள் மடங்கிவிடும். நான் மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கைக்குவளையால் தண்ணீர் ஊற்றுவேன். அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகும்.

இனி ஏர் ஃபில்டர். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் தன் ஆர்15-ஐத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“ணா, பிக்கப்பே இல்லணா. போன மாசம்தான் ஃபில்டர காத்து வெச்சு ஊதினேன், சுத்தமாத்தான் இருக்கு.”

“எதால ஊதின?”

“பஞ்சர் கடை கம்ப்ரஸர்லணா.”

கழற்றிப் பார்த்தோம். வெளியே வெளுத்துத்தான் இருந்தது. அதன் பின்னால் சுத்தமாக இருக்க வேண்டிய அறையில் விரலை விட்டு எடுத்தேன், நகக்கண் வரை மாவு போன்ற சாம்பல். இந்த வண்டியின் ஃபில்டர் எண்ணெய் தோய்த்த தாள். அந்தப் பசைதான் நுண்தூசியைப் பிடித்து நிறுத்துகிறது. கம்ப்ரஸர் காற்று படும்போது தாளின் இழை கிழிகிறது, பசையும் போகிறது. அப்புறம் ஜல்லிப் பொடி நேராகச் சிலிண்டருக்குள் போய் சுவரை உரசித் தேய்க்கிறது. கருங்கல் பொடி இரும்பைத் தேய்க்கும் உப்புத்தாள் போன்றது. சில நூறு ரூபாய் ஃபில்டரை மிச்சப்படுத்தி, பல ஆயிரம் ரூபாய் பிஸ்டன் வேலையை வரவழைக்கும் காரியம் இது. இந்த ஃபில்டரைத் துவைக்கக் கூடாது, ஊதக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். புதியதை வைக்குமுன் பெட்டியின் உட்புறத்தை ஈரத் துணியால் துடைத்து, விளிம்பு ரப்பர் எங்கும் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். ரப்பர் மடங்கிய இடம் இருந்தால் ஃபில்டரே இல்லாதது போலத்தான்.

வால்வ் கிளியரன்ஸும் குளிர்ந்த எஞ்சினில் பார்க்க வேண்டியதுதான். ஃபீலர் கேஜும் பழகிய கையும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். கையேடு சொல்லும் கிலோமீட்டரில் நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது வண்டியைச் சூடாக்க வேண்டும். ஃபேரிங்கின் கீழ்ப்பகுதி இல்லாமலேயே திருத்தணி வரைக்கும் நிதானமாகப் போய்த் திரும்புவேன். ஆயில் இளகிவிடும், அடியில் தங்கிய கசடு கலங்கி மேலே வரும், செயினும் வெதுவெதுப்பாகும். திரும்பி வந்ததும் வேப்பமரத்தடியில் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றுவேன். இந்த வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது. பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கி நிற்கவில்லை என்றால் செயின் வேலை சரிவராது.

செயின் துடைக்க மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர், மென்மையான பிரஷ். சீல் வளையம் வைத்த செயினில் பெட்ரோல் படக் கூடாது. வளையம் உப்பி வெடித்துவிட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறும். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயினைத் துடைக்கும் பழக்கம் எவரிடம் இருந்தாலும் இன்றோடு விட்டுவிட வேண்டும். துணி ஸ்பிராக்கெட்டில் சிக்கினால் அதைப் பிடித்திருக்கும் விரலும் கூடவே போகும், கையை இழுக்க நேரம் கிடைக்காது. துடைத்து உலர்ந்த பிறகு செயினின் உட்பக்கத்தில் லூப் போட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். எங்கள் ரோட்டில் இது முக்கியம். வழிய வழிய எண்ணெய் போட்டால் ஒரே நாளில் ஜல்லிப் பொடி ஒட்டி, பற்களை அரம் போட்டதுபோல் தேய்க்கும்.

தொய்வு பார்க்கும்போது ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாதீர்கள். செயின் எங்கும் ஒரே சீராக நீளாது. சக்கரத்தை மெல்லச் சுற்றி, எங்கே அதிகம் இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளந்து கையேட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து முறுக்கினால், இறுகிய இடம் வரும்போதெல்லாம் கியர்பாக்ஸ் பேரிங் இழுபடும். பின்சக்கர அச்சின் இரண்டு பக்கத்துக் கோடுகளும் சமமாக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் ஆயில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்திருக்கும். மேல் மூடியைத் திறந்து, அடியில் பேசின் வைத்து, டிரெயின் போல்ட்டை எடுத்துவிட்டால் கறுப்பாக ஒழுகும். அவசரப்படாமல் கடைசிச் சொட்டு வரை விடுங்கள். எடுத்த போல்ட்டின் நுனியையும் பேசினில் இறங்கிய ஆயிலையும் வெயிலில் பார்ப்பது என் வழக்கம். மினுமினுப்பான மெல்லிய பூச்சு கொஞ்சம் இருப்பது இயல்பு. நகத்தில் நிற்கும் அளவுக்கு உலோகச் சில்லு கிடைத்தால் வண்டியை மேலும் ஓட்டக் கூடாது. ஆயில் ஃபில்டரை மாற்றும்போது மூடியின் ஓ-ரிங்கில் கொஞ்சம் புது ஆயில் தடவி உட்காரவையுங்கள்.

போல்ட்டுக்குப் புது வாஷர் போட வேண்டும். மரையில் ஏற்றும்போது ஸ்பானர் வேண்டாம், விரலாலேயே சுற்றுங்கள். நேராகப் பிடித்திருந்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். தடை தெரிந்தால் பின்னால் திருப்பி மறுபடி ஆரம்பியுங்கள். விரல் நின்ற பிறகு டார்க் ரென்ச்சில் கையேட்டு அளவை வைத்து, ‘டிக்’ என்ற சத்தம் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அந்தச் சத்தத்துக்குப் பிறகும் “இன்னும் கொஞ்சம்” என்று மனசு சொல்லும். என் மரை போனதும் அந்த “இன்னும் கொஞ்ச”த்தால்தான்.

புது ஆயில் 10டபிள்யூ-40, டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை இருக்க வேண்டும். பைக்கில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து கிடக்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் உரசலைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். அது இங்கே வந்தால் கிளட்ச் நழுவும், முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, வண்டி நேராக நிற்கும்போது மட்டத்தைப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்த்தால் அது பொய் சொல்லும்.

கழித்த ஆயிலை எங்கள் பக்கம் வேலிக்கம்பத்தில் கரையானுக்குப் பூசுவார்கள், மிச்சத்தைக் கொல்லையில் ஊற்றுவார்கள். கிணறும் போரும் அதே மண்ணில்தான் இருக்கின்றன. நான் கேனில் ஊற்றி, பழைய ஆயில் டிரம் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுவேன்.

பிரேக்கில் பேடின் நடுவே உள்ள பள்ளம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளம் மறையப் போகிறது என்றால் மாற்றும் நேரம். பிரேக் ஆயில் டீ நிறத்துக்கு வந்திருந்தால் பேட் நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 தரத்தில் புதியது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 155 டிகிரி வரை இறங்கலாம். மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அது கொதித்து ஆவியானால் லீவர் கைப்பிடி வரை வந்து நிற்கும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். எந்த டாட் என்று மூடியிலேயே எழுதியிருக்கும். டேங்க் மேல் துணி போட்டுவிட்டுத் திறவுங்கள், பட்ட இடத்துப் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

கிளட்ச் லீவரின் நுனியில் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்கிறதா, பேட்டரி முனைகளில் வெள்ளைப் பூ இருக்கிறதா, முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் ஹேண்டில் பேரிங்கில் ‘டொக்’ வருகிறதா, இவை மூன்றும் பத்து நிமிட வேலை. இட்லித் தட்டு காலியானால்தான் ஃபேரிங் முழுமையாக ஏறியது என்று கணக்கு. ஒரு போல்ட் மிஞ்சினாலும் மறுபடி இறக்கிப் பார்ப்பேன்.

கடைசியாகத் திருத்தணி மலைப்பாதை. 365 படிக்கட்டு அந்தப் பக்கம் இருக்கட்டும், வண்டிக்கான தார்ச்சாலை இந்தப் பக்கம். ஏறும்போது கிளட்ச் நழுவுகிறதா என்றும் எஞ்சின் தடுமாறுகிறதா என்றும் காது கொடுப்பேன். மேலே கொஞ்சம் நிறுத்தி முருகனை ஒரு கும்பிடு. இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடிக்கட்டும் என்று விட்டு, வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கைத் தொடுவேன். லீவர் முதல் வளைவில் இருந்த அதே இடத்தில் கடைசி வளைவிலும் நிற்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஐந்து நிமிடம் நிறுத்திவைத்து, ஆயில் மட்டத்தை இன்னொருமுறை பார்த்து, குனிந்து டிரெயின் போல்ட்டைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைப்பேன். துணி வெள்ளையாகவே வந்தால், நோட்டை எடுத்து மீட்டர் கணக்கும் தேதியும் ஃபில்டர் என்ன நிறத்தில் இருந்தது என்பதும் எழுதி வைப்பேன்.