இரண்டே நிமிட ஆகாயப் பயணம்

விமானப் பயணம் என்றதும் உங்கள் உள்ளத்தில் தோன்றுவது யாது? கடல் கடந்த நாடு, பல மணி நேர இருக்கை, வழியனுப்ப வந்தோரின் கலங்கிய கண்கள், இவைதாமே? இருக்கை வாரைப் பூட்டிச் சன்னல் வழியே ஒருமுறை பார்ப்பதற்குள் முடிந்துவிடும் பயணமும் இவ்வுலகில் உண்டு.

ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பால் கிடக்கும் ஆர்க்னித் தீவுக் கூட்டத்தில் தீவுகள் எழுபதுக்கு மேல். மக்கள் வாழ்வதோ சுமார் இருபதில்தான். அவற்றுள் இரண்டு, வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே. ('பாப்பா' என்றதும் குழந்தையை நினைத்துவிடாதீர்கள், முற்காலத்தில் அங்கு வாழ்ந்த கிறிஸ்தவத் துறவிகளைக் குறிக்கும் பழஞ்சொல் அது.) இவ்விரு தீவுகளின் சின்னஞ்சிறு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தொலைவு 2.7 கிலோமீட்டர். எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுதளம் ஒன்றே ஏறக்குறைய இந்நீளம் இருக்கும்!

1967இல் லோகன்ஏர் நிறுவனம் தொடங்கிய இச்சேவைக்குக் கால அட்டவணை தரும் நேரம் 2 நிமிடம். காற்று துணைநின்ற ஒரு நாளில் 53 விநாடிகளிலேயே விமானம் தரையிறங்கியதுண்டு. முறையாக நடைபெறும் பயணிகள் விமானச் சேவைகளில் உலகிலேயே குறுகியது இதுதான்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அங்கே பறக்கும் 'ஐலண்டர்' என்னும் இரட்டை எஞ்சின் சிறு விமானம் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகம் செல்ல வல்லது. அவ்வேகத்தில் 2.7 கிலோமீட்டரைக் கடக்க 40 விநாடி போதுமே. பின் 2 நிமிடம் ஏன்? ஓடி, எழும்பி, முழு வேகத்தை எட்டும் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. மேலும், அட்டவணை நேரம் என்பது வானில் இருக்கும் நேரம் மட்டுமன்று. நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல் மறுமுனையில் சென்று நிற்பது வரை அதில் அடங்கும். நெடும்பயணத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது தொலைவு. குறும்பயணத்திலோ இரு முனைகளும் காற்றின் திசையுமே.

"நடந்தால் அரைமணி நேரத் தொலைவு, இதற்கு ஒரு விமானமா?" என்று நீங்கள் வியக்கலாம். நடப்பதற்கு நிலம் இல்லையே! நடுவே இருப்பது வட அட்லாண்டிக் கடலின் ஒரு துண்டு. படகு உண்டு, பள்ளிப் பிள்ளைகள் அதில் சென்று வருவதும் உண்டு. எனினும் குளிர்காலப் புயலில் அக்கடல் எளிதில் வழிவிடாது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்ந்தோர் 90 பேர். இத்தனை சிறிய ஊருக்கென மருத்துவமனை கட்ட எவரால் இயலும்? மருத்துவரும் ஆசிரியரும் பறந்து வருகின்றனர்; நோயாளிகள் தலைநகர் கிர்க்வாலுக்குப் பறந்து செல்கின்றனர். எட்டுப் பேருக்கு இடமுள்ள விமானத்தின் கட்டணத்தால் மட்டும் செலவு கட்டுமா? ஆகவேதான் ஆர்க்னித் தீவு மன்றம் மானியம் அளித்து இச்சேவையைக் காத்து வருகிறது. வேடிக்கைக்காக ஏறும் சுற்றுலாப் பயணிகளும் உளர். அவர்களுக்கு அது 2 நிமிட விளையாட்டு; தீவினருக்கு அது பேருந்து.

ஒருவரே விமானி. இடம் இருப்பின் பயணி ஒருவர் அவர் பக்கத்திலேயே அமரலாம். மூடுபனி இறங்கிவிட்டாலோ விமானம் கிளம்பாது. பனி விலகும்வரை மருத்துவரும் நோயாளியும் இரு கரைகளிலும் காத்திருக்க வேண்டியதுதான்.