ஃபிளாஷ்பாயின்ட் படத்துக்கு அடுத்த பாகம் எப்படி அமையலாம்?

2013இல் வெளிவந்த ‘ஜஸ்டிஸ் லீக்: தி ஃபிளாஷ்பாயின்ட் பாரடாக்ஸ்’ அனிமேஷன் படத்தை இயக்கியவர் ஜே ஒலிவா. ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஆண்டி கியூபர்ட் வரைந்த 2011ஆம் ஆண்டுக் காமிக்ஸ் தொடரே இதன் மூலம்.

மின்னல் வேக வீரர் ஃபிளாஷ் என்கிற பேரி ஆலன், கொலையுண்ட தாயைக் காப்பாற்றக் காலத்தில் பின்னோக்கி ஓடுகிறார். தாய் பிழைக்கிறார், உலகம் தடம் புரள்கிறது. சிறுவன் புரூஸ் வேய்ன் இறந்துபோக, தந்தை தாமஸ் பேட்மேனாகிறார். கடலடி நாடான அட்லாண்டிஸுக்கும் அமேசான் வீராங்கனைகளுக்கும் போர் மூள்கிறது. சூப்பர்மேன் ரகசியக் கூடமொன்றில் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார். கடைசியில் பேரி மறுபடியும் ஓடித் தன்னையே தடுக்கிறார், தாயை இழக்கிறார்.

இத்தகைய கதையைத் தொடர்வதில் ஒரு சிக்கல் உண்டு. காலத்தடம் அழிந்தால் அதில் நடந்த எதுவும் நடக்காததாகிவிடும். எனவே, அழியாமல் எஞ்சியதைப் பற்றிக்கொண்டுதான் அடுத்த கதை எழ முடியும்.

அப்படி எஞ்சியவை சில. முதலாவது, பேரியின் நினைவும், மகனுக்குத் தாமஸ் எழுதி அவரிடம் கொடுத்தனுப்பிய கடிதமும். இரண்டாவது, பழையபடி திரும்பாத புதிய உலகம். 2014இல் வந்த ‘ஜஸ்டிஸ் லீக்: வார்’ அங்கிருந்தே தொடங்கியது. மூன்றாவது, பேரியின் எதிரியான வில்லன் ஈயோபார்ட் தாவ்ன். 2018இல் வந்த ‘சூசைட் ஸ்குவாட்: ஹெல் டு பே’ படத்தில், முதல் படத்தில் தாமஸ் சுட்ட குண்டின் காயத்தோடு, தன் வேக ஆற்றலால் சாவைத் தள்ளிப்போட்டபடி அவர் வருகிறார்.

இப்படித் தொடர்ந்த அனிமேஷன் படவரிசை 2020இல் ‘அபோகோலிப்ஸ் வார்’ படத்தோடு முடிந்தது. பூமி சீரழிந்த நிலையில், மந்திரவாதி கான்ஸ்டன்டைன் தூண்ட, பேரி மீண்டும் காலத்தை மாற்ற ஓடுகிறார்.

இதே ஓட்டத்தை இன்னொருமுறை காட்டினால் எந்த இழப்புக்கும் மதிப்பிருக்காது. அதற்குப் பதிலாகத் தொடரத்தக்க களம், முதல் படத்தில் கண்ட தாமஸ் வேய்னின் உலகம். அது அழியவில்லை என்று வைத்து, 2022இல் ‘ஃபிளாஷ்பாயின்ட் பியாண்ட்’ காமிக்ஸ் வெளிவந்தது. அதைப் படமாக்கினால், அந்த உலகத்தைத் துடைத்தெறியத் தாமஸே முன்பு துணைநின்றார் என்பதே கதையின் முடிச்சாகும். மகன் உயிரோடிருக்கும் உலகம் வேண்டுமா, போரில் தப்பிப் பிழைத்த மனிதர்கள் வேண்டுமா என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவை இன்னொரு ஓட்டத்தால் மாற்ற முடியாதபடி திரைக்கதை அமைந்தால்தான் இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு ஈடாக நிற்கும்.