வரி பூச்சியம், வர வேண்டியது 22,623 டாலர்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நான்கு பேர் உள்ள ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். தந்தைக்குக் கிடங்கில் குறைந்தபட்சக் கூலி வேலை, வாரத்துக்கு 35 மணி நேரம். 2023இல் அந்தக் கூலி மணிக்கு 15.50 டாலர், அக்டோபரில் 16.55 ஆனது. தாய் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். மூத்த பிள்ளைக்கு வயது 9, இளையதற்கு 4. ஆண்டு வருமானம் ஏறத்தாழ 28,000 கனடிய டாலர். ஸ்கார்பரோவின் அடுக்குமாடிகளில் வாழும் தமிழர் பலருக்கு இந்த எண்கள் புதியவை அல்ல.

இந்தக் குடும்பம் கூட்டாட்சி அரசுக்கு எவ்வளவு வருமான வரி கட்ட வேண்டும்? அந்த ஆண்டு அடிப்படைக் கழிவு 15,000 டாலர். வருமானமில்லாத துணைவருக்காக இன்னொரு 15,000. மொத்தம் 30,000. வருமானமோ 28,000. ஆக, வரி பூச்சியம்.

“வரியே இல்லையென்றால் கணக்கு எதற்கு?” என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. கனடாவில் ஏழைத் தொழிலாளி தாக்கல் செய்யும் வரிக் கணக்கு பெரும்பாலும் வரி கட்டுவதற்கானது அல்ல. அரசு தர வேண்டியதைக் கேட்டு வாங்கும் விண்ணப்பம் அது. அதைக் கொடுக்காதவருக்குப் பணம் வராது.

வரவுப் பக்கம்

2023ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து, பெரும்பாலும் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை இந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியவை:

- கனடா சைல்ட் பெனிபிட் (பிள்ளைகளுக்கான உதவிப் பணம்): 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 7,787 டாலர், 6 முதல் 17 வயதுவரையான பிள்ளைக்கு 6,570. குடும்ப வருமானம் 36,502 டாலரைத் தாண்டாததால் முழுத் தொகையும் உண்டு. மொத்தம் 14,357.
- ஒன்ராறியோ சைல்ட் பெனிபிட்: பிள்ளைக்கு 1,680 வீதம் 3,360. வருமானம் 25,646ஐத் தாண்டிய பகுதியில் 8 விழுக்காடு, அதாவது 188 டாலர் குறையும். மிச்சம் 3,172.
- ஜி.எஸ்.டி. கிரெடிட் (கூட்டாட்சி விற்பனை வரிக்கான ஈடு): தம்பதிக்கு 680, பிள்ளைக்கு 179 வீதம் 358. மொத்தம் 1,038.
- ஒன்ராறியோவின் விற்பனை வரிச் சலுகை: ஆளுக்கு 360 வீதம் நால்வருக்கு 1,440.
- கனடா வொர்க்கர்ஸ் பெனிபிட்: குறைந்த கூலிக்கு உழைப்பவர்களுக்கானது. 2023ஆம் ஆண்டுக்குக் குடும்பத்துக்கான உச்சத் தொகை 2,616. வருமானம் 28,494ஐத் தாண்டினால்தான் குறையத் தொடங்கும். ஆகவே முழுத் தொகை.

கூட்டுத்தொகை 22,623 டாலர். மாதக் கணக்கில் ஏறத்தாழ 1,885. உழைத்துச் சம்பாதித்த ஒவ்வொரு 100 டாலருக்கும் மேலும் 80 டாலர். வாடகை வீட்டில் இருப்பவருக்கு ஒன்ராறியோ இன்னொரு சலுகையும் தருகிறது. அந்தக் காலகட்டத்துக்கு 64 வயதுவரை உச்சம் 1,248 டாலர். அது வாடகையைப் பொறுத்து மாறுவதால் இங்கே கூட்டவில்லை. அதற்குரிய மாகாணப் படிவத்தையும் கணக்கோடு நிரப்பியாக வேண்டும்.

தந்தை மட்டும் கணக்குக் கொடுத்தால் போதாது. ஒரு டாலர் வருமானம் இல்லாவிட்டாலும் தாயும் கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவர் தவறினாலும் ஜூலையில் சைல்ட் பெனிபிட் நின்றுவிடும். மாதம் 1,196 டாலர் வந்துகொண்டிருந்த வீட்டில் அது வாடகைப் பணம்.

புதிதாக வந்தவர்கள்

சைல்ட் பெனிபிட் பெற, தாய் தந்தையரில் ஒருவராவது குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பெற்றவராக, அல்லது அகதியாக ஏற்கப்பட்டவராக இருக்க வேண்டும். வேலை அனுமதியிலோ மாணவர் அனுமதியிலோ வந்தவர் என்றால் 18 மாதம் தொடர்ந்து கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். 19ஆவது மாதத்திலும் அனுமதி செல்லுபடியாக வேண்டும். அகதிக் கோரிக்கை விசாரணையில் இருக்கும்வரை இந்தப் பணம் கிடையாது. ஏற்கப்பட்டதும் விண்ணப்பிக்கத் தாமதிக்கக் கூடாது.

வந்த முதல் ஆண்டில் வரிக் கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் உள்ளவர் ஆர்சி66 படிவத்தையும் அதன் இணைப்பையும் நிரப்ப வேண்டும்; பிள்ளைகள் இல்லாதவர் ஜி.எஸ்.டி. கிரெடிட்டுக்கு ஆர்சி151. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ சம்பாதித்ததைக் கனடிய டாலராக மாற்றி அதில் எழுத வேண்டும். கணவனோ மனைவியோ இன்னும் ஊரில் இருந்தாலும் “மணமானவர்” என்றே எழுதி, அவருடைய வருமானத்தையும் காட்ட வேண்டும். “தனியாள்” என்று எழுதினால், பின்னாளில் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பத்திலும் முரண்பாடு எழும்.

வரிக் கணக்குக் கொடுத்தால் குடிவரவு விவகாரத்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற அச்சம் பலரை முடக்குகிறது. வருமான வரிச் சட்டத்தின் 241ஆவது பிரிவு வரித் தகவல்களின் ரகசியத்தைக் காக்கிறது. உண்மையில் கணக்கு இல்லாமைதான் வழியை அடைக்கும். குடியுரிமை கேட்பவர் முந்தைய 5 ஆண்டுகளில் 3 ஆண்டுகளுக்கு, கடமை இருந்தால், கணக்குக் கொடுத்திருக்க வேண்டும். பெற்றோரை அழைக்க 3 ஆண்டு வரி மதிப்பீட்டு அறிவிப்பு வேண்டும். வருமானத்துக்கேற்ற வாடகை வீட்டுக்கும் பிள்ளையின் கல்வி உதவிக்கும் கேட்பது அதே தாளைத்தான்.

கையில் காசு தரும் வேலை

“டி4 சம்பளச் சீட்டு வேண்டாம், கையில் தருகிறேன், பிடித்தம் இல்லை” என்று முதலாளி சொல்வது தொழிலாளிக்கு லாபமாகத் தெரிகிறது. 28,000 டாலருக்கு 2023ஆம் ஆண்டு விகிதப்படி போட்டுப் பார்ப்போம். ஓய்வூதியத் திட்டத்துக்கான பிடித்தம் 3,500 டாலர் நீங்கலாக 5.95 விழுக்காடு, அதாவது 1,457.75. வேலையிழப்புக் காப்புறுதிக்கு 1.63 விழுக்காடு, அதாவது 456.40. மிஞ்சுவதாகத் தோன்றும் தொகை 1,914.15.

அந்த வருமானத்தைக் காட்டாவிட்டால் உழைப்பாளருக்கான 2,616 டாலர் போகிறது. அப்போதே 701.85 டாலர் நட்டம். முதலாளி ஓய்வூதியத்தில் தன் பங்காகப் போட வேண்டிய 1,457.75உம் போகிறது, அது அவருடைய பையில்தான் தங்குகிறது. வேலை பறிபோனால் காப்புறுதியும் இல்லை. அதற்கு 420 முதல் 700 வரையான பதிவான வேலை நேரம் தேவை. கையில் வாங்கிய காசையும் காட்ட வேண்டும் என்பதே சட்டம். காட்டாமல் இழப்பவரும் தொழிலாளிதான்.

இன்னொரு வழியிலும் பாரம் அவர் தலையில் இறங்குகிறது. ஊழியராக வேலை வாங்கிவிட்டு “நீ சுயதொழில்” என்று எழுதிக்கொடுத்தால் ஓய்வூதியத்தின் இரு பங்கையும் அவரே கட்ட வேண்டும்: 11.9 விழுக்காடு, அதாவது 2,915.50. செயலி வழியாக ஆட்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநரும் கவனிக்க வேண்டும். 2017 ஜூலை முதல், எவ்வளவு குறைவாக ஓட்டினாலும் அவர் விற்பனை வரிக்குப் பதிவு செய்தாக வேண்டும்.

செலவுப் பக்கம்

பணம் உடனே கையில் வேண்டும் என்பவருக்கு, வரும் தொகையில் கழிவு எடுத்துக்கொண்டு முன்கூட்டியே தரும் கடைகள் உள்ளன. முதல் 300 டாலரில் 15 விழுக்காடு, மீதியில் 5 விழுக்காடு வரை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 2,616 டாலருக்கு இது 45உம் 115.80உம் சேர்ந்து 160.80. மின்வழியில் கணக்கைக் கொடுத்து, பணம் நேரே வங்கிக்கு வரும்படி செய்தால் பொதுவாக இரண்டு வாரத்தில் முழுத் தொகையும் வந்துவிடும். இரண்டு வாரக் காத்திருப்பைத் தவிர்க்க, குறைந்தபட்சக் கூலியில் பத்து மணி நேர உழைப்பு கைமாறுகிறது.

இலவச வழி 1971 முதல் இருக்கிறது. சமூக நிறுவனங்களும் கனடா வருவாய் முகமையும் சேர்ந்து நடத்தும் முகாம்களில், பதிவு பெற்ற தன்னார்வலர்கள் காசு வாங்காமல் கணக்குப் போட்டுத் தருகிறார்கள். குறைந்த வருமானமும் எளிய கணக்கும் உள்ளவர்களுக்கு இது: சம்பளம், ஓய்வூதியம், அரசு உதவிப் பணம், சிறு வட்டி. சுயதொழில் செலவுகளும் சொத்து விற்ற லாபமும் பொதுவாக இதில் அடங்கா. சமூகக் காப்புறுதி எண், எல்லா வேலையிடத்து டி4 சீட்டுகள், வாடகை ரசீது, கனடாவுக்கு வந்த தேதி, துணைவரின் விவரம் ஆகியவற்றோடு போனால் ஒரே அமர்வில் பெரும்பாலும் முடியும்.

காலக்கெடு ஏப்ரல் 30. சுயதொழில் செய்பவருக்கு ஜூன் 15. ஆனால் வரி பாக்கி இருந்தால் அதையும் ஏப்ரல் 30க்குள் கட்ட வேண்டும். தாமதத் தண்டம், கட்ட வேண்டிய பாக்கியில் 5 விழுக்காடு. அதோடு மாதத்துக்கு 1 விழுக்காடு வீதம் 12 மாதம் வரை. 1,000 டாலர் பாக்கிக்கு அதிகபட்சம் 170. பாக்கி பூச்சியமானால் இந்தத் தண்டமும் பூச்சியம். ஐந்து ஆண்டு கணக்குக் கொடுக்கவில்லை என்று வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்பவர் இதை அறிய வேண்டும். தகுதி இருந்தால் சைல்ட் பெனிபிட்டை 10 ஆண்டுவரை பின்னோக்கிக் கேட்கலாம். 11 மாதத்துக்கு மேல் பின்னோக்கிக் கேட்டால் ஆவணங்களை இணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாட்டுக் கணக்கு

ஜெனிபர் ராப்சன், சோல் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, கனடாவில் 10 முதல் 12 விழுக்காட்டினர் வரிக் கணக்குக் கொடுப்பதில்லை. உழைக்கும் வயதில் உள்ள அத்தகையோர் 2015ஆம் ஆண்டில் இழந்த உதவிப் பணம் 170 கோடி டாலர் என்பது அவர்களுடைய மதிப்பீடு. நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம், உரியவரின் வீட்டுக்குப் போய்ச் சேராமல் நின்ற தொகை அது.

அரசு செய்ய வேண்டியது தெளிவு. சம்பள விவரம் டி4 மூலம் அதன் கையிலேயே இருக்கும்போது, எளிய கணக்குகளை அதுவே நிரப்பி, “சரியா?” என்று மட்டும் கேட்கலாம். அதுவரை பாலம் தன்னார்வலர்கள்தான். அவர்களுக்குப் பயிற்சியும் மென்பொருளும் இலவசம். காவல்துறைச் சான்று வேண்டும். கணக்காளர் பட்டம் வேண்டாம். மேலே பார்த்த குடும்பத்தின் கணக்கை ஒருவர் இரண்டு மணி நேரத்தில் முடித்தால், அவருடைய ஒவ்வொரு மணி நேரமும் அந்த வீட்டுக்கு 11,000 டாலருக்கு மேல் கொண்டுசேர்க்கிறது. தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் நிரப்பத் தெரிந்த பட்டதாரிகள் நம் சமூகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கோயிலும் தேவாலயமும் ஊர்ச் சங்கமும் மார்ச், ஏப்ரல் மாதச் சனிக்கிழமைகளில் ஓர் அறையைத் திறந்துவிட்டால், அவர்கள் உட்கார இடம் கிடைக்கும்.